பெயரும் பொருளும்: ‘சோயா சாஸ்’ என்னும் சொல் பற்றிய ஓர் ஆய்வுப் பாடம்

  

உணவைப் பற்றிய கேள்வி நம் இல்லங்களில் சிறிய கேள்வியன்று. எதை உண்பது, எதை விலக்குவது, எப்பொழுது உண்பது என்பவற்றை நம் முன்னோர் அறத்தின் ஒரு பகுதியாகவே வைத்தனர். அவர்களுக்கு ஒரு வசதியும் இருந்தது. அடுப்படியில் இருந்த பொருளின் பெயரைச் சொன்ன அளவிலேயே அதன் பிறப்பும் தெரிந்துவிடும். கடலை எண்ணெய் என்றால் கடலையை ஆட்டியது. கம்பங்கூழ் என்றால் கம்பை இடித்துக் காய்ச்சியது. எலுமிச்சை ஊறுகாய் என்றால் எலுமிச்சையை உப்பிலிட்டது. பெயரே பொருளின் வரலாற்றைக் கூறியது.

இன்று கடையிலிருந்து வரும் புட்டிகளின் பெயர்கள் அவ்வாறு பேசுவதில்லை. அவற்றுள் ஒன்று ‘சோயா சாஸ்’. விளாத்திகுளம் போன்ற கரிசற்காட்டு ஊர்களிலும் மாலை வேளையில் கடைத்தெருவில் நிற்கும் தள்ளுவண்டிகளில் இந்தக் கரிய நீரைக் காண்கிறோம். மளிகைக் கடையிலும் தக்காளி சாஸுக்கு அருகில் இதற்கு இடம் கிடைத்துவிட்டது. வெளியூரில் படிக்கும், பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பொருள்.

இதைப் பற்றி இல்லங்களில் இருவகை வாதங்களைக் கேட்கிறோம். இளையோர், “சோயா என்பது ஒரு பயறு. பயறு நமக்கு ஆகும். ஆகவே சோயா சாஸும் ஆகும்” என்கின்றனர். முதியோர், “அது சீனத்துப் பொருள். ஆகவே ஆகாது” என்கின்றனர். இரு சாராரும் பெயரை மட்டுமே கண்டு தீர்ப்புக் கூறுகின்றனர். பொருளைப் பார்த்தவர் எவருமிலர். பெயரிலிருந்து பொருளுக்குச் செல்லும் வழியைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ‘அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க’ என்னும் விதியை முதலிலேயே கற்பிப்பர். இங்கும் அவ்விதியையே கைக்கொள்வோம்.

1. சொல் பிறந்த வரலாறு

‘சாஸ்’ என்னும் பின்பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். இது ஆங்கிலச் சொல். பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் வேர் இலத்தீன் மொழியில் ‘உப்பிடப்பட்டது’ என்று பொருள்படும் ‘சல்சா’ என்பதாகும். வேம்பார், வைப்பாறு கரையோரத்து உப்பளங்களைக் கண்டு வளர்ந்த நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. உப்பே சாஸின் தாய்.

‘சோயா’ என்னும் முன்பகுதியின் வரலாறு வியப்புக்குரியது. சோயா என்பது பயற்றின் பெயர், அதிலிருந்து சாஸுக்குப் பெயர் வந்தது என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. சாஸின் பெயர்தான் முந்தியது. பயறு பின்னரே அப்பெயரைப் பெற்றது.

சீன மொழியில் ‘ஜியாங்’ என்றால் உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. ‘யௌ’ என்றால் எண்ணெய் போன்ற நீர்மம். இரண்டும் சேர்ந்த ‘ஜியாங்யௌ’ என்பது விழுதிலிருந்து வடிந்த நீரைக் குறித்தது. இதே எழுத்துகளை ஜப்பானியர் ‘ஷோயு’ என்று படித்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானோடு வாணிகம் செய்ய இசைவு பெற்றிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே என்னும் நிலை ஏற்பட்டது. நாகசாகித் துறைமுகத்திலிருந்து அவர்களுடைய கப்பல்கள் ஷோயுவை ஏற்றிச் சென்றன. அவர்கள் நாவில் அது ‘சோயா’ ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் ‘சாய்’ ஆயிற்று. அந்த டச்சுக்காரர்தாம் 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியவர்கள் என்பதையும் நம் மாவட்டத்து மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1679ஆம் ஆண்டு நாட்குறிப்பில், கீழைநாடுகளிலிருந்து வந்த சாஸ்களுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளார். 1689இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஜான் ஓவிங்டன் என்னும் பாதிரியார், 1696இல் வெளியான தம் பயண நூலில், சூரத்து நகரத்து ஆங்கிலேய வணிகரின் உணவு மேசையில் மாங்காய் ஊறுகாயோடு இதுவும் இருந்ததை எழுதியுள்ளார். ஆக, இந்திய மண்ணுக்கு இப்பொருள் வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது.

இந்த நீரைத் தரும் பயறு எது என்று ஐரோப்பியர் பின்னரே தெளிவாக அறிந்தனர். ஜப்பானில் தங்கியிருந்த செருமானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ஃபர் 1712இல் வெளியிட்ட நூலில் அச்செடியையும், அதிலிருந்து ஷோயு செய்யும் முறையையும் விவரித்தார். சாஸின் பெயரே செடிக்கும் நிலைத்தது. நம் வேளாண்மைத் துறையினர் அதனைத் தமிழில் ‘சோயா மொச்சை’ என்று வழங்குகின்றனர்.

2. இலக்கண நோக்கு

நம் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு இச்சொல்லை ஆராய்வோம்.

முதலாவது, சொல்லின் வகை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நான்கனுள் ‘சோயா சாஸ்’ திசைச்சொல்லின் பாற்படும். திசைச்சொல் வந்து சேரும் வேற்றுமொழி நாடுகளை நன்னூல் உரைகள் பட்டியலிட்டுக் காட்டுகின்றன. அப்பட்டியலில் சிங்களம், சாவகம் ஆகியவற்றோடு சீனமும் உண்டு. வேற்றுநாட்டுச் சொல் வருவது தமிழுக்குப் புதிதன்று. அதை இனங்கண்டு வைக்கும் இடத்தையும் நம் இலக்கணம் முன்னரே அமைத்துள்ளது. ஆகவே அயற்சொல் என்பதற்காக அஞ்சவும் வேண்டா. அயற்சொல் என்பதற்காக மயங்கவும் வேண்டா.

இரண்டாவது, ஆகுபெயர். சாஸின் பெயர் பயற்றுக்கு ஆகி வந்ததைக் கண்டோம். செய்து முடித்த பொருளின் பெயர், அதற்குக் காரணமான மூலப்பொருளுக்கு ஆகி வருவது காரியவாகுபெயர். ‘பைங்கூழ் வளர்ந்தது’ என்னும் எடுத்துக்காட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வயலில் வளர்வது கூழன்று, பயிர். கூழ் என்னும் உணவின் பெயர் பயிருக்கு ஆயிற்று. சோயாவும் அவ்வாறே. வயலில் வளர்வது ஷோயு அன்று. ஆயினும் ஷோயுவின் பெயரால் பயிரை அழைக்கிறோம்.

மூன்றாவது, தொகை. சோயா என்பதே ஒரு சாஸின் பெயராக இருந்தபொழுது, ‘சோயா சாஸ்’ என்பது சாரைப்பாம்பு, தைத்திங்கள் போல இருபெயரொட்டாக நின்றது. சோயா பயற்றின் பெயரான பின்னர், ‘சோயாவால் செய்யப்பட்ட சாஸ்’ என்று மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கேட்போர் அதனைக் கொள்கின்றனர். இந்த இரண்டாம் பொருள்தான் இளையோரின் வாதத்திற்கு அடிப்படை. ‘சோயாவால் செய்யப்பட்டது’ என்பதில் ‘சோயா’வை மட்டும் பார்த்து, ‘செய்யப்பட்டது’ என்பதைப் பாராமல் விடுகின்றனர். எவ்வாறு செய்யப்பட்டது என்பதன்றோ கேள்வி?

3. இன்றைய வழக்கு

அன்றாடப் பேச்சில் இச்சொற்கள் பல பொருளில் வழங்குகின்றன. வீட்டிற்குப் பொருள் வாங்குவோர் இவ்வேறுபாடுகளை அறிந்திருத்தல் நலம்.

(அ) அடையின்றிச் ‘சாஸ்’ என்று கேட்டால் நம் ஊர்களில் தக்காளி சாஸையே எடுத்துக் கொடுப்பர்.

(ஆ) அடையின்றிச் ‘சோயா’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘மீல்மேக்கர்’ எனப்படும் உலர்ந்த உருண்டைகளைத் தருவர். இது எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயா மாவிலிருந்து செய்யப்படுவது. இதற்கும் சோயா சாஸுக்கும் மூலப்பொருள் ஒன்றேயன்றிச் செய்முறை வேறு. இலங்கையில் இவ்வுருண்டையைச் ‘சோயா மீற்’, அதாவது சோயா இறைச்சி என்கின்றனர். பெயரில் இறைச்சி உண்டு, பொருளில் இல்லை. பெயரைக் கொண்டு பொருளைத் தீர்மானிக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

(இ) மலாய் மொழியில் சோயா சாஸுக்குக் ‘கிச்சாப்’ என்று பெயர். தக்காளி சாஸைக் குறிக்கும் ‘கெச்சப்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுடையதே. தென்சீன மொழியொன்றில் மீனை உப்பிட்டு வடித்த நீருக்கு வழங்கிய பெயரே இவற்றின் மூலம் என்பர் சொல்லாய்வாளர். மலேசியாவில் வாழும் உறவினர் ‘கிச்சாப்’ என்றால் தக்காளி என்று எண்ணிவிடக் கூடாது.

(ஈ) ‘டார்க் சோயா’ என்பது நிறம் மிக்கது, சற்று இனிப்பும் உடையது. ‘லைட் சோயா’ என்பது நிறம் குறைந்தது, உப்பு மிக்கது. ‘மஷ்ரூம் சோயா’ என்பதில் காளான் சேர்ந்திருக்கும்.

(உ) ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் ‘ஆய்ஸ்டர் சாஸ்’ சிப்பி உயிரியிலிருந்தும், ‘ஃபிஷ் சாஸ்’ மீனிலிருந்தும் செய்யப்படுபவை. நிறத்தில் சோயா சாஸை ஒத்திருத்தலால் இவற்றை மாற்றி எடுத்துவிட வாய்ப்புண்டு. ‘வொர்செஸ்டர்ஷயர் சாஸ்’ என்பதிலும் வழக்கமாக நெத்திலி போன்ற சிறுமீன் சேரும். ‘சில்லி சாஸ்’ பலவற்றில் பூண்டு உண்டு.

(ஊ) உணவகங்களில் ‘ஜெயின் ஃபிரைடு ரைஸ்’ என்று ஒரு வழக்கு ஏற்பட்டுள்ளது. சமைப்பவர் வெங்காயத்தையும் பூண்டையும் நீக்குவதையே அது குறிக்கிறது. சோயா சாஸை நீக்கினாரா என்பதை அச்சொல் கூறாது. கேட்டே அறிய வேண்டும்.

நம் நாட்டில் இவ்வுணவுகள் பரவிய வழியையும் சுருக்கமாகக் குறிப்போம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவிற்கு அருகே சீனர் குடியேறினர். பின்னாளில் அந்நகரத்துச் சீனக் குடும்பங்கள் சாஸ் செய்யும் தொழிலையும் நடத்தின. ‘மஞ்சூரியன்’ என்னும் உணவு 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞரால் புலாலைக்கொண்டு செய்யப்பட்டதாகக் கூறுவர். அதையே காலிஃபிளவரில் செய்தது ‘கோபி மஞ்சூரியன்’. மஞ்சூரியா நாட்டில் அப்படி ஓர் உணவு கிடையாது. இங்கும் பெயர் ஒன்று, பொருள் ஒன்று.

4. பொருள் செய்யப்படும் முறை

இப்பொழுது புட்டிக்குள் பார்ப்போம். சோயா சாஸ் இருவகையாகச் செய்யப்படுகிறது.

முதல் வகை, நொதிக்கவைத்துச் செய்வது. சோயா மொச்சையை ஊறவைத்து ஆவியில் வேகவைப்பர். கோதுமையை வறுத்து உடைப்பர். இரண்டையும் கலந்து, ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே’ என்னும் ஒருவகைப் பூஞ்சையை அதன்மேல் விதைத்து, இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான அறையில் வளர்ப்பர். பூஞ்சை படர்ந்த அக்கலவையை உப்புநீரில் இட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பர். ஆறு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அந்த உப்புநீரிலும் வாழவல்ல பாக்டீரியாவும் ஈஸ்டும் அதில் பெருகிப் புளிப்பையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. ஈஸ்டின் செயலால் சாராயச் சத்தும் சிறிது உண்டாகிறது. ஜப்பானிய முறையில் நொதிக்கவைத்த சாஸில் அது ஏறத்தாழ 100க்கு 2 பங்கு அளவில் இருக்கும். இறுதியில் பிழிந்து வடித்துச் சூடாக்கிப் புட்டியில் அடைப்பர்.

இரண்டாம் வகை, அமிலத்தைக் கொண்டு செய்வது. எண்ணெய் நீக்கிய சோயா மாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி, பின்னர்க் காரப் பொருளால் அதன் அமிலத்தன்மையைப் போக்கி, உப்பு, சர்க்கரை, கருக்கிய சர்க்கரை நிறம் முதலியன சேர்ப்பர். சில நாள்களில் வேலை முடிந்துவிடும். இதில் பூஞ்சையும் இல்லை, ஈஸ்டும் இல்லை. ஆனால் இம்முறையில் ‘3-எம்சிபிடி’ என்னும் தீய வேதிப்பொருள் உண்டாகக்கூடும். 2001இல் பிரிட்டன் நாட்டு உணவுத்தர நிறுவனம் சில சாஸ்களில் அது அளவுக்கு மேல் இருந்ததைக் கண்டு எச்சரித்தது. பல நாடுகளில் அதற்கு வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. இவ்விரு வகையையும் கலந்து விற்பதும் உண்டு.

இரண்டிற்கும் பெயர் சோயா சாஸ்தான். நிறமும் அதுவே, புட்டியும் அதுவே. ஆனால் ஒன்று பல மாத நொதித்தலின் விளைவு, மற்றொன்று சில நாள் வேதியியலின் விளைவு.

இங்கு நல்வரலாறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சீனத்தில் பழங்காலத்து ‘ஜியாங்’ இறைச்சியாலும் மீனாலும் செய்யப்பட்டது. சோயா மொச்சை அவ்விடத்தைப் பின்னரே பிடித்தது. ஜப்பானில், 13ஆம் நூற்றாண்டில் சீனம் சென்று திரும்பிய ககுஷின் என்னும் பௌத்தத் துறவி கற்றுவந்த பயற்று விழுதிலிருந்தே இச்சாறு தோன்றியது என்பது யுவாசா என்னும் ஊரின் மரபு. புலால் உண்ணாத துறவியரின் மடப்பள்ளிக்கும் இதற்கும் உறவு உண்டு என்பதை அறிந்தால், ‘சீனத்துப் பொருள், ஆகவே புலால் கலந்தது’ என்னும் முதியோரின் அச்சமும் ஆராயாமல் கொண்டதே என்பது புலனாகும்.

5. நான்கு நிக்ஷேபங்களால் நோக்குதல்

ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் பொருளை எந்நோக்கில் கொள்வது என்பதற்கு நம் ஆகமம் ஒரு கருவியைத் தந்துள்ளது. உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்து ஐந்தாம் சூத்திரம் நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்னும் நான்கு நிக்ஷேபங்களைக் கூறுகிறது. உயர்ந்த தத்துவங்களுக்குச் சொல்லப்பட்ட கருவியை ஒரு புட்டிக்குப் பயன்படுத்தலாமா எனின், அன்றாட வாழ்வில் பழகிய கருவியே உயர்ந்த இடத்திலும் கை கொடுக்கும் என்பது எம் கருத்து.

‘ஆசிரியர்’ என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு ஆசிரியர் என்று பெயரிட்டால் அது நாமம். குணம் அங்கே வேண்டுவதில்லை. ஆசிரியர் படத்தைச் சுட்டி ‘இவர் எங்கள் ஆசிரியர்’ என்பது ஸ்தாபனை. பணி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆன பின்னரும் எம்மைத் தெருவில் காண்போர் ‘டீச்சர்’ என்று அழைப்பது திரவியம். முன்பிருந்த நிலையைக் கொண்டு இப்பொழுதும் அழைக்கின்றனர். நாளை ஆசிரியராகவிருக்கும் பயிற்சி மாணவியை அவ்வாறு அழைப்பதும் திரவியமே. இப்பொழுது வகுப்பில் நின்று கற்பித்துக்கொண்டிருப்பவரை ஆசிரியர் என்பது பாவம்.

இனிச் சோயா சாஸுக்கு வருவோம்.

நாமம்: புட்டியின் மேல் ‘சோயா சாஸ்’ என்று எழுதியிருக்கிறது. இது பெயரளவே. நொதித்ததும் அப்பெயர் பெறும், அமிலத்தில் காய்ச்சியதும் அப்பெயர் பெறும்.

ஸ்தாபனை: புட்டியின் மேல் பச்சைப் பசேலென்ற சோயாக் காய்களின் படம் இருக்கிறது. படத்திலுள்ள காய் புட்டியில் இல்லை.

திரவியம்: இது முன்னர்ப் பயறாக இருந்தது. உண்மைதான். மத்தியப் பிரதேசத்து மாளவப் பகுதியில், நம்முடையதைப் போன்ற கரிசல் மண்ணில் சோயா மொச்சை பெருமளவில் விளைகிறது. இந்தோர் நகரில் அதற்கென ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. நம் காட்டில் விளையும் உளுந்து, பாசி போலவே அதுவும் ஒரு பயறு. ஆனால் இது பழைய நிலை.

பாவம்: இப்பொழுது, நம் நாவிற்குச் செல்லும் இக்கணத்தில், அது என்ன? பூஞ்சையாலும் ஈஸ்டாலும் மாற்றப்பட்டு, மாதக்கணக்கில் உப்பில் கிடந்து, வடித்துச் சூடாக்கப்பட்ட நீர். அல்லது அமிலத்தால் சிதைக்கப்பட்டு நிறமூட்டப்பட்ட நீர்.

விரதம் நோக்குவது பாவத்தை. திராட்சை நமக்கு ஆகும்; ஆயினும் திராட்சையிலிருந்து இறக்கிய மதுவை ‘முன்பு திராட்சையாக இருந்ததே’ என்று எவரும் ஏற்பதில்லை. ‘சோயா பயறுதானே’ என்னும் வாதம் திரவியத்தைப் பாவமாகக் கொண்ட மயக்கம். இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டால், சோயா சாஸ் மட்டுமன்று, இனி வரப்போகும் எந்தப் புட்டியையும் அவர்களே ஆராய்ந்துகொள்வர்.

6. ஐயமும் தெளிவும்

“அப்படியானால் சோயா சாஸ் மதுவா?” அன்று. மயக்கம் தரும் பானமாக அதை எவரும் அருந்துவதில்லை. ஆயினும் கள், ஊன், தேன் ஆகியவற்றை முற்றிலும் விலக்கிய மூலகுணத்தார், நொதித்த வகையில் சாராயச் சத்து சிறிதேனும் இருப்பதை அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின் விலக்குவதா என்பது அவரவர் ஏற்ற விரதத்தின் அளவைப் பொறுத்தது.

“இட்லி மாவும் புளிக்கிறதே?” இக்கேள்வியை மாணவர் கேட்டால் அதட்டி அடக்கக் கூடாது, கேட்கத்தக்க கேள்வி அது. ஆம், அதுவும் நொதித்தலே. அதனாலேயே நோன்பில் உறுதி மிக்கோர் இரவு தங்கிய மாவைக் கொள்ளாமல், அன்றன்று அரைத்த மாவில் அடையோ ஆப்பமல்லாத பிற பண்டமோ செய்துகொள்கின்றனர். பல இல்லங்களில் இட்லி வழக்கத்தில் உள்ளது என்பதும் உண்மை. ஓரிரவு புளித்ததையும், பூஞ்சையை வேண்டுமென்றே வளர்த்து மாதக்கணக்கில் வைத்ததையும் ஒரே தட்டில் நிறுக்க இயலாது. ஆனால் கேள்வியின் திசை ஒன்றே: எத்தனை உயிர், எத்தனை நாள், எத்துணைத் தேவை?

“அமில வகையில் நொதித்தல் இல்லையே, அது ஆகுமா?” நொதித்தல் பற்றிய தடை அதற்கு இல்லை. உடல்நலம் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. தெளிவு வேண்டுவோர் தம் இல்லத்திற்கு வழிகாட்டும் முனிவரிடமோ ஆர்யிகையிடமோ இவ்விரு செய்முறையையும் எடுத்துக் கூறிக் கேட்டுக்கொள்வதே முறை. பெயரை மட்டும் கூறிக் கேட்டால் விடையும் பெயரளவாகவே அமையும்.

“பச்சைக் குறி போதாதா?” போதாது. நம் நாட்டில் பொட்டலங்களில் சைவ உணவிற்குப் பச்சை வட்டம் இடப்படுகிறது. விலங்கின் உடற்பகுதியோ முட்டையோ சேரவில்லை என்பதை அது காட்டும். ஆனால் அச்சட்டத்தில் தேன், அசைவத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது. நாம் விலக்கும் தேன் புட்டியின் மேலும் பச்சை வட்டம் உண்டு. பூண்டு, காளான், கிழங்கு, நொதித்தல் எதையும் அவ்வட்டம் கூறாது. அது சட்டத்தின் குறி. நம் விரதத்தின் குறியன்று.

7. புட்டியைப் படிக்கும் முறை

எழுத்தறிவு பெற்ற ஒவ்வொரு சிராவகியும் பின்வருவனவற்றைப் பழகுதல் வேண்டும்.

புட்டியின் முன்பக்கத்தைப் படிக்க வேண்டா. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க. சேர்ந்த பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதலில் நீர், அடுத்து உப்போ சர்க்கரையோ வந்து, சோயா பின்னே தள்ளப்பட்டிருந்தால், வாங்குவது பெரும்பாலும் நிறமிட்ட உப்புநீர் என்றறிக.

‘புரூட்’ அல்லது ‘ஃபெர்மென்டட்’ என்றிருந்தால் நொதித்தது. ‘ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்றிருந்தால் அமில வகை சேர்ந்திருக்கக்கூடும்.

எண்களையும் நோக்குக. 150 என்பது கருக்கிய சர்க்கரை நிறம். 211 என்பது கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட். 621 என்பது ‘அஜினோமோட்டோ’ என்று நாம் வழங்கும் சுவையுப்பு.

கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால், பெயரில் இல்லாத கோதுமை இதனுள் இருப்பதை மறவாதிருக்க.

உப்பின் அளவு மிக முக்கியம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. அது 2 கிராமுக்கு மேற்பட்ட உப்புக்குச் சமம். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே பரிந்துரைக்கிறது. இரத்தக் கொதிப்பு உடைய முதியோர், விரதம் பற்றிய கேள்விக்குச் செல்லுமுன்னரே இங்கு நின்றுவிடலாம்.

8. இல்லத்திற்கு ஒரு மாற்று

விலக்குக என்று கூறுவது எளிது. பிள்ளைகள் விரும்பும் சுவைக்கு மாற்று ஒன்றைத் தருவதே தாயின் திறம். வெல்லத்தைச் சிறிது நீரில் கருநிறம் வரக் காய்ச்சி, கெட்டியான புளிச்சாறு, உப்பு, மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குக. வடித்து ஆறிய சோற்றில் முட்டைக்கோசு, குடமிளகாய், பீன்ஸ் முதலியவற்றுள் உங்கள் இல்லத்தில் கொள்வனவற்றை வதக்கி, இச்சாற்றையும் கலந்து கிளறினால் நிறமும், இனிப்பும் புளிப்பும் உப்பும் கூடிய சுவையும் கிடைக்கும். சோயா சாஸின் மணம் அப்படியே வாராது. ஆனால் வேண்டிய அளவுக்கு அன்றன்று செய்துகொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் செய்தவருக்குத் தெரியும்.

விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: சமைப்பவரிடம் ‘ஜெயின்’ என்று மட்டும் கூறாதீர்கள். வேண்டாதவற்றைத் தனித்தனியே, பணிவோடு, பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

தொகுப்புரை

சோயா சாஸ் என்னும் பெயர் சீனத்தில் பிறந்து, ஜப்பானில் உருமாறி, டச்சுக் கப்பலில் ஏறி, ஆங்கிலச் சொல்லொன்றோடு இணைந்து நம்மிடம் வந்த திசைச்சொல். சாஸின் பெயர் பயற்றுக்கு ஆகிவந்தது. பயறு என்பது அதன் பழைய நிலை. புட்டியில் உள்ளதே அதன் இன்றைய நிலை. பெயரைக் கண்டு ஏற்பதும் பெயரைக் கண்டு வெறுப்பதும் நல்ஞானம் ஆகா.

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் இருந்தனர் என்பதை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவர்கள் வழிவந்த நாம், நம் பிள்ளைகளின் கேள்வியைத் தடையால் மட்டும் அடைத்துவிடாமல், விளக்கத்தால் நிறைவு செய்வோமாக.

பயிற்சி வினாக்கள்

1. ‘சோயா’ பயற்றின் பெயரானது எவ்வகை ஆகுபெயர்? இதுபோன்ற வேறோர் எடுத்துக்காட்டுத் தருக.

2. ‘பால்’ என்னும் சொல்லைத் ‘தேங்காய்ப்பால்’, ‘சோயா பால்’, ‘பால் பண்ணை’ என்பவற்றில் வைத்து, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. உங்கள் வீட்டு அடுப்படியில் உள்ள மூன்று புட்டிகளை எடுத்து, நான்கு நிக்ஷேபங்களாலும் ஆராய்ந்து, பெரியோரிடம் படித்துக் காட்டுக.

4. பச்சை வட்டம் இருந்தும் நாம் விலக்கும் பொருள் ஒன்றைக் காரணத்துடன் குறிப்பிடுக.

வாழ்க நல்லறம்! வளர்க நல்ஞானம்!